வெயிலைப் பங்கு போட்டவர்கள்

செங்கல் லாரி வாசலில் கொட்டிவிட்டுப் போன அன்று பெரியவள் வாயே திறக்கவில்லை. மறுநாள் திறந்தாள். அதைத் தெருவே கேட்டது; வாராவாரம் படித்து வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒரே வீடு, இரண்டு குடும்பம். கீழே பெரியவள், மாடியில் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, தலையில் நரையும் விழுந்தாகிவிட்டது, ஆனாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். மொட்டை மாடியை மட்டும் அப்பா இருவருக்கும் பொது என்று விட்டார். பொது என்றால் பொழுதுக்கும் சண்டை என்று பிறகுதான் புரிந்தது. நடுவில் ஒரு பெயின்ட் கோடு இழுத்து, மேற்குப் பாதி பெண்ணுக்கு, கிழக்குப் பாதி பையனுக்கு என்றார்.

மேற்குப் பாதியில் பெரியவள் சோலார் பேனல்களை நிறுத்தினாள். கோழி முட்டையைப் பெட்டியில் வைத்துச் சூடு கொடுத்துக் குஞ்சு பொரித்து விற்பது அவள் தொழில். கரண்ட்டை மட்டும் நம்பியிருந்த காலத்தில் ஒரு தடவை, பொரிக்கக் காத்திருந்த முட்டைகள் அத்தனையையும் கொல்லைப்பக்கம் குழி தோண்டிப் புதைக்க நேர்ந்தது. அதற்குப் பிறகுதான் பேனலும் பாட்டரியும் வந்தன. இப்போது தெருவில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் பெட்டி ஓடும். பகலெல்லாம் வெயில் குடித்து, ராத்திரியெல்லாம் முட்டைக்கு ஊட்டும்.

கிழக்குப் பாதியில் சின்னவன் ஒரு ரூம் கட்டத் தொடங்கியிருக்கிறான். காலை வெயில் வருவதும் அந்தப் பக்கம்தான். சுவர் ஏறினால் உச்சிப்பொழுது வரை பேனல் நிழலில் கிடக்கும். ரூம் முடிந்ததும் அதன் மேலேயே பேனலை ஏற்றிவிடலாமே என்று சோலார்காரர் வழி சொன்னார். மேலே போடப்போவது வெறும் தகரக் கூரை, பேனலையும் காற்றையும் சேர்த்து அது தாங்காது என்று சின்னவன் தலையாட்டி மறுத்தான். ஏன் தகரம், நல்ல தளமாகப் போடேன் என்றால், சீக்கிரம் முடியணும் என்றான். என்ன அவசரம் என்றால் பதில் இல்லை.

அவ்வளவு ரகளைக்குப் பிறகு ஒரே ஒரு வாக்குதான் அவனிடமிருந்து வாங்க முடிந்தது. பெட்டியில் இருக்கும் முட்டைகள் பொரித்து முடியும் வரை சுவர் இடுப்புயரத்துக்கு மேல் ஏறாது.

அந்த வாக்கை நம்பித்தான் பெரியவள் படுத்தாள். விடிந்ததும் அவளை எழுப்பியது, கரண்டியால் செங்கல்லைத் தட்டும் சத்தம்.

அவள் மேலே போனபோது சுவர் கொத்தனாரின் தோளைத் தாண்டியிருந்தது. பக்கத்தில் சாரம் கட்டி, வெயில் படாமலிருக்கத் தார்ப்பாயும் இழுத்திருந்தார்கள். அதன் நிழல், சுவரின் நிழல், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கோட்டைத் தாண்டி வந்து, அவளுடைய பேனல்கள் மேல் போர்வை மாதிரி கிடந்தது. கடைசிப் பேனலின் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெயில். அதனால் பிரயோஜனம் இல்லை. ஏர் பூட்டிய மாட்டில் ஒன்று படுத்துக்கொண்டால் மற்றதும் நிற்பது மாதிரிதான் பேனலும். ஒன்று சோர்ந்தால் வரிசையே சோர்ந்துவிடும்.

யார் ஏற்றச் சொன்னது என்று கேட்டாள். ஐயாதான் நேற்று போன் பண்ணிச் சொன்னார், விடியறதுக்குள்ள ஆரம்பிச்சிடுங்க, இந்த வாரமே கூரை போட்டாகணும்னார் என்று கொத்தனார் சொன்னார். வாக்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கலவை காய்ந்துவிடும், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கம்மா என்றார்.

தார்ப்பாயையாவது அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தார். நிழலில் ஒரு பாய் அகலம் குறைந்தது. சுவரின் நிழல் அப்படியே இருந்தது.

அன்றைக்குப் பார்த்துத் தெருவில் கரண்ட் கிடையாது. கம்பி மாற்றுகிறார்கள், பொழுது சாயும் வரை வராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பெரியவள் அதைக் காதில் வாங்கியபோது கவலைப்படவில்லை. நமக்கென்ன, மேலே வெயில் இருக்கிறது என்று நினைத்தாள்.

கீழே இறங்கிப் பெட்டி இருக்கும் அறைக்குப் போனாள். பெட்டி என்று பேச்சுக்குச் சொல்வதுதான். ஆளுயர அலமாரி அது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தட்டுத் தட்டாக முட்டைகள். சிலவற்றில் நேற்றே மூக்குப் பட்டு விரிசல் விட்டிருந்தது. காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல். இன்றைக்கு முழுக்க இந்தச் சூடு நிற்க வேண்டும். இத்தனை நாள் காத்ததெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான்.

பெட்டிக்கு எதிரே அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க 'ரைட், ரைட்' என்று சொல்லியே பழகினவர். நிறுத்தச் சொல்கிற விசிலை டிப்போவிலேயே ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். யார் எது கேட்டாலும் சரி. மாடியில் பேனல் வைக்கட்டுமா என்று பெண் கேட்டாள், சரி என்றார். மாடியில் ரூம் கட்டட்டுமா என்று பையன் கேட்டான், அதற்கும் சரி என்றார். இரண்டு சரியும் மோதிக்கொண்டபோது இருமிக்கொண்டே நழுவிவிட்டார்.

இப்போதும் இருமினார். தொண்டையைச் செருமி, ரெண்டு முட்டை உடைய ஆரம்பிச்சிடுச்சும்மா என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"அப்பா, மேலே சுவர் ஏறுது. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றும் சொல்லாமல் தெரியாது என்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். சின்னவன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றாள். சரி, சொல்றேன் என்றார். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியாதா?

சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டர் ஒரு தடவை கத்தியது. பாட்டரி ராத்திரி முழுக்க உழைத்துக் களைத்திருந்தது. இந்நேரம் மேலிருந்து வெயில் வந்து அதற்குத் தெம்பு கொடுத்திருக்க வேண்டும்.

தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கடையில் ஆள் இருக்காங்கக்கா, பிறகு பேசறேன் என்று வைத்துவிட்டான். மூன்றாவது தடவை போனே அணைந்திருந்தது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பார்வை சரி பண்ணுகிறவனுக்குச் சொந்த அக்கா கஷ்டம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆள் இல்லாத போனிடம் சொன்னாள்.

சோலார்காரர் எடுத்தார். அவர் வேறு யார் வீட்டுக் கூரை மேலோ நின்றுகொண்டிருந்தார். காற்று வாரியடிக்கும் சத்தத்துக்கு நடுவே கத்தினார். நிழல் விழுந்தா நான் என்னங்க பண்றது, பேனலை நகர்த்தித்தான் வைக்கணும், ஆளுங்க எல்லாம் வேலையில இருக்காங்க, அடுத்த வாரம் வரேன் என்றார். அடுத்த வாரம் வந்து செத்த முட்டைக்கு வெயில் காட்டவா என்று இவள் கேட்டாள். லைன் சரியில்லைங்க என்று அவர் வைத்தார்.

ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற கடைக்காரர் சிரித்தேவிட்டார். தெரு முழுக்க கரண்ட் இல்லாத நாளில் காலையில் போன் பண்ணி ஜெனரேட்டர் கேட்டால் எப்படி, நேற்றே எல்லாம் போய்விட்டது என்றார். பெரியவளின் கணவர் லாரி ஓட்டுகிறவர். எங்கேயோ நெடுஞ்சாலையில் இருந்தார். அவருக்குப் போன் பண்ணி என்ன ஆகப்போகிறது? வருத்தம் ஒன்றுதான் இரண்டாகும்.

கரண்ட் ஆபீசுக்கும் பேசிப் பார்த்தாள். எடுத்தவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, சாயங்காலம் வந்துடும்மா என்றார்.

எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. யாராவது ஒருவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

மாடிப்படியில் டீச்சர் வந்துகொண்டிருந்தாள். சின்னவன் மனைவியைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவள். அதிர்ந்து பேசாதவள். பரீட்சைத் தாள் திருத்துவதற்காக அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். பெரியவள் பாதிப் படியில் வழியை மறித்து நின்றுகொண்டாள்.

"வாக்குக் கொடுத்துட்டு இப்படிப் பண்ணலாமா? ரெண்டு நாள், ரெண்டே நாள் பொறுக்க முடியலையா உங்களுக்கு?"

"அவர் வந்ததும் கேளுங்க அண்ணி."

"அவன் போனை அணைச்சிட்டான். உன்னைத்தான் கேட்கிறேன். அந்த ரூம்ல யாரு வந்து குடியிருக்கப் போறாங்க? உங்க அம்மாவா?"

டீச்சர் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், படியில் பக்கவாட்டாக ஒதுங்கி, திரும்ப மேலேயே போய்விட்டாள்.

பதில் சொல்லாமல் போகிறவர்களை என்ன செய்ய முடியும்? கதவைச் சாத்தினாலாவது தட்டலாம்.

இன்வெர்ட்டர் இப்போது அடிக்கடி கத்தியது. பிறகு நீளமாக ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது. பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த சின்ன விசிறியும் நின்றது.

அந்த விசிறிச் சத்தம் நின்றால் வீடு எப்படி இருக்கும் என்பதே பெரியவளுக்கு மறந்து போயிருந்தது. அப்பா ஸ்டூலைவிட்டு எழுந்தார். கதவில் கை வைக்கப் போனவரை அவள் தடுத்தாள். கதவைத் திறந்தால் சூடு மட்டுமல்ல, உள்ளே இருக்கிற ஈரமும் போய்விடும். ஈரம் போனால் ஓட்டுக்குள் இருக்கும் மெல்லிய தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பாதி வெளியே வந்த குஞ்சு அப்படியே மாட்டிக்கொண்டு சாகும்.

வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் அள்ளி வந்து பெட்டியைச் சுற்றிப் போர்த்தினாள். சூடு காட்டும் தெர்மாமீட்டர் மட்டும் தெரியும்படி ஓர் இடைவெளி விட்டாள். கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. மெதுவாகத்தான், ஆனால் நிற்காமல் இறங்கியது. போர்வை, இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, இல்லாத சூட்டைக் கொண்டு வராது. அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போடலாம் என்றால் அவளுடையது கரண்ட் அடுப்பு. வெயில் சும்மா கிடைக்கிறதே என்று போன வருஷம்தான் கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். அன்றைக்கு அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். இப்போது நினைத்தால் பற்களைக் கடிக்கத் தோன்றியது.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பை. பைக்குள் தண்ணீர் பாட்டில்கள், துண்டில் சுற்றி.

"எங்க சோலார் ஹீட்டர்ல நேத்து வெயில்ல காய்ஞ்ச தண்ணி அப்படியே இருக்கு அண்ணி. அதுக்குக் கரண்ட் வேண்டாமே. கை வைக்க முடியாத சூடு. உள்ளே வெச்சா தாங்காதா?"

பெரியவள் அவளைப் பார்த்தாள். படியில் கேட்ட கேள்வி இன்னும் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றது. ஆனால் தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.

"மேல்தட்டுல வேண்டாம், முட்டை வெந்துடும். அடியில வைக்கணும்," என்றாள். "நான் கதவைத் திறக்கிறேன். நீ டக்குனு வெச்சிடு."

திறந்தார்கள், வைத்தார்கள், சாத்தினார்கள். ஒரு பாத்திரத்தில் அதே வெந்நீரை ஊற்றிக் கீழே வைத்ததில் கண்ணாடி உள்ளுக்குள் மெல்லப் பூத்தது. ஈரமும் கிடைத்தது. இரண்டு பேரும் போர்வைக்கு வெளியே ஒரே இடைவெளியில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்கள். இறங்கிக்கொண்டிருந்தது நின்றது. நின்று, யோசித்து, ஏறத் தொடங்கியது.

பாட்டில்கள் ஆறினால் டீச்சர் மாடிக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டாவது தடவை பெரியவளும் கூடப் போனாள். படியேறும்போது பாட்டில்கள்தான் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. குளியலறைக் குழாயைத் திறந்ததும் ஆவி பறந்தது. இந்த ஹீட்டரை மாடியில் வைத்த அன்றுகூட பெரியவள் சண்டை போட்டிருக்கிறாள், தொட்டி கோட்டைத் தாண்டி வருகிறது என்று. அது அவளுக்கே இப்போது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் குஞ்சு வெளியே வந்தபோது மேலே கொத்தனார் சாப்பிடப் போயிருந்தார். நனைந்த பஞ்சு மாதிரி தட்டில் விழுந்து, தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, பக்கத்து முட்டையில் முட்டிக்கொண்டது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. பிறகு எண்ணுகிற வேகத்தில் இல்லை. சூரியன் சுவருக்கு மேலே வந்து நிழலை இழுத்துக்கொண்டதும் இன்வெர்ட்டர் தானாக உயிர் பெற்றது. விசிறி சுற்ற ஆரம்பித்தது. பெரியவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முன்னால் வந்தவை காய்ந்து, உப்பி, மஞ்சள் உருண்டைகளாக ஓடின. அவற்றை எடுத்துக் கூடையில் விடக் கதவைத் திறந்தபோது, பஞ்சு போன்ற பொடி மயிர் விசிறிக் காற்றில் பறந்து அறையெல்லாம் பரவியது. ஜன்னல் வெளிச்சத்தில் அது மிதப்பது நன்றாகத் தெரிந்தது. குஞ்சு பொரிக்கிற இடத்தில் அது சகஜம். பெரியவள் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

அப்பா கூடைக்குப் பக்கத்தில் குனிந்து வந்தார்.

"மாமா, உள்ளே வராதீங்க."

டீச்சர் குரல்தான். ஆனால் அந்தக் குரலை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பா அப்படியே நின்றார். சரிம்மா என்று முணுமுணுத்து, வெளியே நடந்தார். போகிற வழியெல்லாம் இருமினார். இருமல், கதவு, மறுபடி இருமல்.

பெரியவள் கூடையைக் கீழே வைத்தாள். இங்கே இத்தனை நாள் பழகிய மனுஷனை ஏன் விரட்டுகிறாய் என்று கேட்டாள். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணி, ஆனா இதுக்கு மேல என்னால முடியலை என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

அப்பாவுக்கு நெஞ்சில் தொந்தரவு. பல மாதங்களாக. கண் பரிசோதனைக்குக் கடைக்குப் போகிறேன் என்று சின்னவனோடு கிளம்பினாரே, அதெல்லாம் கண்ணுக்கு இல்லை, நெஞ்சு டாக்டரிடம். அந்தப் பொடி மயிரும் தூசியும் மூச்சில் போய்ப் போய் உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்றைவிட்டு உடனே விலக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருடைய படுக்கையறையோ பெட்டி அறைக்கு அடுத்த அறை. மேல்தளத்தில் குழந்தைகளோடு இடம் போதவில்லை. அதனால்தான் மொட்டை மாடியில் ரூம். அதனால்தான் தகரக் கூரை. நேற்று மதியம் பெரியவள் முட்டை வாங்கப் போயிருந்த நேரத்தில் மூச்சு இழுத்துப் பிடித்து ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டார். அதனால்தான் சுவர் இன்றைக்கே ஏறியது.

"உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தொழிலையே நிறுத்திடுவீங்கன்னு மாமா எங்க கையைப் பிடிச்சுக்கிட்டார். நாங்க பேராசைக்காரங்கன்னு நீங்க நினைச்சாலும் பரவாயில்லை, இதைச் சொல்லாதீங்கன்னார்."

பக்கத்து அறையில் இருமல் கேட்டது. எத்தனை மாதமாகக் கேட்கிறாள் அதை. வயசாச்சு, இருமுகிறார் என்று அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அழுகை வரும் என்று டீச்சர் எதிர்பார்த்திருக்கலாம். வந்தது கோபம்தான். யார் மேல் என்று தெரியாத கோபம். எல்லாரும் சேர்ந்து அவளுக்கு நல்லது செய்திருக்கிறார்கள், அவளைக் கேட்காமல். தெருவே கேட்கும்படி தம்பியைத் திட்ட விட்டிருக்கிறார்கள். இன்று காலை படியில், உங்க அம்மாவா என்று இந்தப் பெண்ணைக் கேட்க விட்டிருக்கிறார்கள்.

"நான் என்ன சின்னக் குழந்தையா டீச்சர்?" என்றாள். டீச்சர் ஆறிப்போன பாட்டில்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

சின்னவன் சாயங்காலம் வந்தான். நேராக மொட்டை மாடிக்கு வரச் சொல்லி ஆள் விட்டிருந்தாள் அக்கா. வந்தவன் தலை குனிந்தே நின்றான். டீச்சர் சொல்லிவிட்டாள் என்பது அவளும் அக்காவும் நின்ற விதத்திலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். போனை அணைச்சது தப்புதான்க்கா, உன் குரலைக் கேட்டா உளறிடுவேன்னு பயம் என்றான்.

பெரியவள் அவனை வேண்டிய மட்டும் திட்டினாள். ஒளித்ததற்குத் திட்டினாள், வாக்கு மீறியதற்குத் திட்டினாள், தன்னிடம் சொல்லியிருந்தால் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்ற ஒரு வழி தேடியிருக்க மாட்டேனா என்று திட்டினாள். அவனும் எதிர்த்துப் பேசினான். எந்த இடத்துக்கு மாத்தியிருப்பே, அந்த இடத்துல வெயிலுக்கு எங்கே போவே என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டு, கேட்காதவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெரியவள்தான் முடிவு சொன்னாள். பேனலைக் கழற்றிவிடலாம். இந்த ஈட்டுக் குஞ்சுகள் வந்தாகிவிட்டன. அடுத்த ஈட்டுக்கு முட்டை வைக்கப் போவதில்லை, இடம் கிடைக்கும் வரை. சுவர் ஏறட்டும்.

"நாளைக்கே வாங்க," என்று கொத்தனாரிடம் சொன்னாள். "இருட்டோட வந்து ஆரம்பிச்சாலும் நான் எதுவும் கேட்க மாட்டேன்."

சின்னவன் அவளைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். டீச்சர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்கு முதல் தடவையாக மூன்று பேரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக நின்று நின்று அப்பா ஏறி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வந்து, புதிய சுவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். ஈரம் கையில் ஒட்டியது, வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு கலவைச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

எல்லாம் கேட்டேன் என்றார். கீழேயிருந்தே கேட்டது என்றார். பிறகு கொத்தனாரைப் பார்த்து, நாளைக்கு நீங்க வர வேண்டாம் என்றார்.

கொத்தனார் சின்னவனைப் பார்த்தார்.

"அப்பா, எல்லாம் பேசி முடிச்சாச்சு," என்றான் சின்னவன். "அக்காவே ஒத்துக்கிட்டா."

அவ ஒத்துக்கிட்டா சரி, நான் இந்த ரூமுக்கு வரமாட்டேன் என்றார் அப்பா. மேலே வந்து நான் என்ன பண்ணுவேன், சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரவா? கீழே பெட்டி இருக்கு. முட்டையைத் திருப்புறேன், உள்ளே குஞ்சு வளருதான்னு விளக்கு வெச்சுப் பார்க்கிறேன், உடையற அன்னிக்குப் பக்கத்துல இருக்கேன். பஸ்ஸைவிட்டு இறங்கினதுக்கு அப்புறம் என்னை ஒருத்தர் எதிர்பார்க்கிற இடம் அது ஒண்ணுதான். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சுக்காக நிறுத்தினார்.

பெரியவளுக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து கரண்ட் ஆபீஸ், சோலார்காரர், ஜெனரேட்டர் கடை என்று எல்லோரிடமும் அடக்கி வைத்ததெல்லாம் இப்போது தொண்டைக்கு வந்தது.

"அப்புறம் ஏன்ப்பா இந்த ரூமுக்குச் சரின்னு சொன்னீங்க?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரின்னுதான் சொன்னேன். வேணும்னு எப்பச் சொன்னேன்?"

இருமல் வந்தது. தாங்கிப் பிடிக்க மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். அவர் மூன்று கைகளையும் விலக்கிவிட்டு, சட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.